சர்பத்துக்காக நான் உண்டாக்கிய பஸ் ஹோல்ட்

ஒரு கிளாஸ் சர்பத்துக்காக மெயின் ரோட்டையே அடைத்தவன் நான். மாட்டிக்கொண்டதும், பழியை சர்பத் விற்றவர் தலையில் போட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனை–அக்கரைப்பற்று பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். சாய்ந்தமருதில் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள், ஒரு சின்னச் சந்துக்குள், ஆதம்பாவாக் காக்கா தள்ளுவண்டியில் சர்பத் விற்பார். தேசிக்காய் பிழிந்து, கசகசா மிதக்கவிட்டுத் தருவார். பகல் வெயிலில் அந்த ஒழுங்கையைக் கடப்பது எனக்குப் பெரும் சோதனை.

"வண்டிய மெயின் ரோட்டுக்குத் தள்ளுங்க காக்கா. பஸ்ஸ நிப்பாட்டுறது என்ட பொறுப்பு" என்றேன். தள்ளினார்.

அங்கே ஹோல்ட், அதாவது பஸ் தரிப்பிடம், கிடையாது. நான் மணி அடிப்பேன். டிரைவருக்கும் ஒரு கிளாஸ் போனதால் அவர் காரணம் கேட்பதில்லை. பயணிகள் கெட்டிக்காரர்கள், ஒரு வாரத்துக்குள் அங்கே காத்து நிற்கத் தொடங்கினார்கள். ஆட்களைக் கண்டு கச்சான் கடலை விற்பவர் வந்தார். பிறகு வெற்றிலைத் தட்டு, தயிர்ச்சட்டி, சைக்கிளுக்குக் காற்றடிப்பவர். எங்களுக்குப் பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நின்றன. ஒரு நாள் மாப்பிள்ளைக் காரும் நின்றது. மாப்பிள்ளையும் இறங்கி ஒரு கிளாஸ் குடித்தார்.

முறைப்பாடு போய், உள்ளூராட்சி சபை ஓவர்சியர் வந்தார். பஸ் ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்டார். சீருடையில் நின்ற நான், படித்த தமிழில், கடைகள் பாதையை மறிப்பதால் நிற்க நேர்கிறது என்றேன். அப்போதும் என் கையில் கிளாஸ் இருந்தது.

"பஸ் நிண்டதாலதான் நான் வந்த சேர். நான் நிண்டதால பஸ் நிக்கல்ல" என்றார் காக்கா.

என் சொல்தான் எடுபட்டது. மற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வண்டிக்குச் சில்லு இருந்தும் ஓட முடியாதவர் அவர் ஒருவர்தான். அவருக்குச் சோறு போட்ட வண்டி சபை முற்றத்துக்குப் போனது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் லீவு போட்டுச் சபைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஓவர்சியர் என்னை நன்றாக ஏசிவிட்டு வண்டியை விடுவித்தார். நான் அத்தோடு நின்றிருக்கலாம். காக்கா மெயின் ரோட்டிலேயே நிம்மதியாக விற்கட்டும் என்று, அந்த இடத்தை முறையான ஹோல்ட் ஆக்கும்படி டிப்போவுக்கும் சபைக்கும் அலைந்தேன். சில மாதங்களில் பஸ் ஒதுங்கி நிற்க இடம் வெட்டிப் பலகையும் நட்டார்கள். மேலே 'பஸ் தரிப்பிடம்'. கீழே 'இங்கு வியாபாரம் செய்தல் தடை'.

வாகனங்கள் தடையின்றி ஓடின. காக்கா வண்டியை ஒழுங்கைக்குள் திருப்பினார்.

நெரிசலைத் தீர்க்க வரும் இளம் உத்தியோகத்தர்களுக்குச் சொல்கிறேன்: கடைக்காரரை விரட்டுமுன் பஸ்காரரை விசாரியுங்கள்.

காக்காவிடம் போய் மாப்புக் கேட்டேன்.

"மாப்பு எப்பவோ தந்திட்டன் தம்பி" என்றார். "இனி எனக்கு நல்லது மட்டும் செஞ்சிராதீங்க."