பச்சை ஃபியூஸ்

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றியதும் அதன் தலையில் பழைய துணியைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, அதுவும் போதாதென்று ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைக்கிறாள். கழற்றிய வயர் தானாக எழுந்துபோய் மறுபடி ஒட்டிக்கொண்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பாள். வளையலும் மோதிரமும் ஏற்கெனவே கழன்று சுவரில் ஆணிக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் பானெட்டுக்குள் தலையை விடுவாள். காத்திருக்கும் டிரைவர்கள் அதற்குள் ஒரு டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவியே வைத்துவிடலாம்.

"எதுக்கும் அக்கா" என்பது அவர்கள் வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியவள். வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் அந்தப் பட்டறை அவளுடைய தம்பியுடையது. வீட்டில் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவளை, போனை எடுக்க ஆள் இல்லை என்று அவன்தான் கூட்டிவந்து உட்கார வைத்தான். வந்த புதிதில் அவளுக்கு கரண்ட் என்றாலே ஆகாது. வீட்டு சுவிட்சையே முந்தானையால் பிடித்துப் போடுகிறவள். தம்பி சிரிப்பான். "பன்னிரண்டு வோல்ட்டுதான்கா, கடிக்காது." அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கடிக்காது, சரி. எரிக்காதா?"

அவள் கேட்டதில் தப்பில்லை என்று காட்டுவதுபோல ஒரு வேனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த வயர்களெல்லாம் ஒரே கரிக்கட்டியாக உருகிப்போயிருந்தன. முன் சீட்டுக்கு அடியில் குழந்தை கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் ஒன்று சப்பையாகி ஒட்டியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்றார்கள். அவள் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஓட்டுவதும் பள்ளிக்கூட வேன்தான். மறுநாள் போனைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு, கரண்டை அளக்கிற மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று கேட்டாள்.

பயந்தவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவள் மெதுவாகத்தான் கற்றாள். மீட்டரின் சிவப்பு முள்ளையும் கறுப்பு முள்ளையும் மாற்றிப் பிடித்தாள். ஸ்டார்ட்டரைச் சோதித்தபோது ஒரு பொறி பறந்ததற்குத் தெருமுனை வரை ஓடினாள், அதைத் தம்பி இன்னும் நடித்துக் காட்டுகிறான். ஃபியூஸ் பாடம் மட்டும் முதல் தடவையிலேயே மண்டையில் ஏறியது. "ஃபியூஸ் நல்லவன்கா. வயரைக் காப்பாத்திட்டு அவன் செத்துப்போவான். பதினைஞ்சு ஆம்பியர் நீலம் இருக்கற இடத்துல முப்பது ஆம்பியர் பச்சையைப் போட்டா அவன் சாக மாட்டான். வயர் சாகும்." அதைச் சொன்னபோது தம்பி சிரிக்கவில்லை.

அந்தப் பச்சையை ஒருநாள் அவளே போட்டாள்.

தம்பி சாமான் வாங்கப் போயிருந்த காலை நேரம். வீட்டுக்காரர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே பிள்ளைகள். ஹார்னும் இல்லை, பிரேக் லைட்டும் இல்லை. இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ், அது போயிருந்தது. நீலம் ஒன்று போட்டாள். வண்டி வாசலில் திரும்பும்போதே அது போயிற்று. இன்னொன்று போட்டாள், அதுவும் போயிற்று. எங்கேயோ ஷார்ட் ஆகிறது, தேட வேண்டும் என்றாள். தேடி முடிப்பதற்குள் பள்ளிக்கூட கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று அவர் குதித்தார். "பெருசா ஒண்ணு சொருகி விடு. என்ன ஆயிடப்போகுது?" பிரேக் லைட் இல்லாமல் அந்தப் பிள்ளைகளைப் பெரிய ரோட்டுக்கு அனுப்புவதும் அவளுக்குப் பயம். பின்னால் லாரி வரும். இறக்கிவிட்டு நேரே இங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு, பச்சையைச் சொருகினாள். ஹார்ன் கேட்டது. வேன் போயிற்று.

நேரே வரவில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக வேண்டுமாம், வேனையும் அவரையும் பள்ளிக்கூடத்தில் அப்படியே பிடித்து அனுப்பிவிட்டார்கள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டபோது, எடுத்த ஆயா சொல்லித்தான் அது தெரிந்தது. எங்கே போனார்கள் என்று ஆயாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

எரிந்துபோன இரண்டு நீல ஃபியூஸையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்தாள். ரோட்டில் எந்த வண்டி புகை விட்டாலும் எட்டிப் பார்த்தாள். அந்தச் சப்பை பாட்டில் கண்ணை விட்டுப் போகவில்லை. மத்தியானம் தம்பி வந்ததும் சொன்னாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற பையன், "பச்சையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வாங்கிவந்த சாமானைத் தரையிலேயே வைத்துவிட்டு பைக்கை எடுத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தம்பி கண்ணில் வேன் அகப்படவில்லை. சாயங்காலம் அதுவே வந்து நின்றது. பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார் வீட்டுக்காரர். "பார்த்தியா? காலையிலேருந்து ஒரு தடவைகூடப் போகல."

அவள் உள்ளே ஏறி டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டாள். வயரின் தோல் சூட்டில் இளகி, வெல்லப்பாகு மாதிரி விரல் முட்டியில் ஒட்டிக்கொண்டது. கையை இழுத்தபோது அவள் தோலும் கொஞ்சம் அதோடு வந்தது. அந்தக் கையோடு பேட்டரியைக் கழற்றித் துணி சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, கட்டையும் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் வேன் ஓடவில்லை. அந்த வயரை மாற்றியதும் அவள்தான், ஷார்ட்டைக் கண்டுபிடித்ததும் அவள்தான். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பேட்டரியை மாட்டி, ஷார்ட் ஆனால் எரியும்படி ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு பல்பைச் செருகி, வீட்டுக்காரரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னாள். வலப்பக்கம் திருப்பினார், ஒன்றுமில்லை. இடப்பக்கம் முழுக்கத் திருப்பியதும் பல்பு பளீரென்று எரிந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டையில் அதே ஃபியூஸிலிருந்து வரும் இன்னொரு வயர் உரசி உரசித் தோலுரிந்து கிடந்தது. ஒவ்வொரு இடப்பக்கத் திருப்பத்திலும் அது இரும்பைத் தொட்டிருக்கிறது. முதல்நாள் எத்தனை திருப்பம் திரும்பினோம் என்று வீட்டுக்காரர் மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்துவிட்டது. கழற்றிப் போட்ட கரிந்த வயரைக் கையில் எடுத்தவர் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

இப்போது அந்த வேனில் எந்தக் கோளாறும் இல்லை. தம்பி இரண்டு தடவை சோதித்துவிட்டான். ஆனாலும் தினமும் காலையில் பிள்ளைகளோடு அது பட்டறை வாசலில் நிற்கிறது. அவள் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து நீலம் நீலமாகவே இருக்கிறதா என்று பார்க்கிறாள். பிறகு ஜன்னல் வழியே கையை விட்டு, சூடு தெரிகிறதா என்று தழும்பு விழுந்த புறங்கையை டேஷ்போர்டின் மேல் வைக்கிறாள். முன்பெல்லாம் நேரமாயிற்று என்று ஹார்ன் அடித்த வீட்டுக்காரர் இப்போது ஹார்னைத் தொடுவதில்லை. ஃபர்ஸ்ட் கியரில், அவள் நடைக்குத் தகுந்தபடி வண்டியை நகர்த்துகிறார். அக்கா வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்து, பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு டாட்டா காட்டுகிறார்கள். அவள் சிரிக்கிறாள். கையை மட்டும் எடுக்காமல், தெருமுனை வரை வேனோடு கூடவே நடக்கிறாள்.