அத்தை வெற்றிலையில் சுற்றிய கறி

கறி வாட்டும் அந்தக் கம்பி வலையின் ஒரு மூலை இன்னும் வளைந்தே இருக்கிறது. பெரியப்பா தூக்கி வீசியபோது சாக்கடைக் கானில் கிடந்த கல்லில் பட்டு வளைந்தது. நிமிர்த்தலாமென்று சுத்தியலை எடுப்பேன், பிறகு வேண்டாமென்று வைத்துவிடுவேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிய வேண்டும்.

வலையைக் கொண்டுவந்தவள் அத்தை, பெரியப்பாவின் கூடப்பிறந்த தங்கை. வெளிநாட்டில் ஒரு வியட்நாம் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்தாள். அவள் உழைப்பில்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் ஏறியது. விடுமுறையில் மஸ்கெலியாவுக்கு வந்தவள், அந்த வீட்டில் கற்ற கறியை எங்களுக்குச் சமைத்துப் போட ஆசைப்பட்டாள். கொத்திய மாட்டிறைச்சியில் எலுமிச்சைப் புல்லின் வெள்ளைத் தண்டு, பூண்டு, மிளகு, கொஞ்சம் சீனி போட்டுப் பிசைந்தாள். அங்கே சுற்றுகிற இலை இங்கே கிடைக்காது. பார்க்க வெற்றிலை மாதிரியே இருக்குமாம். அதனால் வெற்றிலை வாங்கி, பளபளப்பான பக்கம் வெளியே தெரியச் சுருட்டி, ஈர்க்குக் குத்தித் தணலில் வாட்டினாள். கொழுப்பு சொட்டி எழுந்த வாசனைக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் தின்றவர் பெரியப்பாதான். மூன்றாவதை மென்றுகொண்டே, "நல்லாருக்கே, என்ன கறி?" என்று கேட்டார். அத்தை சொன்னாள். அவர் ஊரே பார்க்க முற்றத்தில் துப்பி வாய் கொப்பளித்தார். எங்கள் லயத்தில் மாட்டிறைச்சி தின்னாதவர் குறைவு, வீட்டுக்குள் சமைக்காதவர்தான் அதிகம். கோயில் கமிட்டித் தலைவரான பெரியப்பா ஹட்டன் பாரில் சாராயத்துக்குத் தொட்டுக்கொண்டதும் அதையேதான்.

"வெளிய என்னத்தயும் திங்கலாம். சாமிக்கு வைக்கிற வெத்தலையில போயி சுத்துனியே!" என்று கத்தினார்.

"வெத்தலய நீங்க மென்னு துப்புறீங்கண்ணே. நான் திங்கத்தான குடுத்தேன்?" என்றாள் அத்தை.

அதற்குத்தான் வலை கானுக்குப் போனது. அடுத்த மாதம் எனக்குச் சடங்கு. முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை. சொந்தம் முழுவதற்கும் வெற்றிலை வைத்து அழைத்தார்கள், அவளுக்கு மட்டும் வைக்கவில்லை. வெற்றிலை வைக்காத வீட்டு விசேஷத்துக்கு யார்தான் போவார்கள்? என் தலையில் தண்ணீர் விழுந்த நேரத்தில் அவள் ஹட்டன் பஸ்ஸில் இருந்தாள். மறுபடி வெளிநாடு போனவள் இன்றுவரை ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. அவள் போட்ட தகரத்தின் கீழேதான் அன்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து தின்றார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

போன ஞாயிறு ஹட்டனில் என் வீட்டுக்குப் பெரியப்பா வெற்றிலைத் தாம்பாளத்தோடு வந்தார். பேத்திக்குச் சடங்காம்.

"அத்தைக்கு வெத்தல வச்சிட்டீங்களா?"

"அவ எங்கயோ இருக்கா. போன்ல சொல்லிக்கலாம் விடும்மா."

தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஞாயிற்றுச் சமையலுக்குக் கறி பிசைந்து தயாராக இருந்தது. வளைந்த மூலையைச் சுவர்ப்பக்கம் தள்ளி வலையைத் தணல்மேல் வைத்தேன். புகை முன்னறைக்குப் போயிருக்க வேண்டும்.

"வாசம் தூக்குதே, என்ன கறி?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"அத்தை கறிதான் பெரியப்பா. நீங்க கொண்டாந்த வெத்தலையிலதான் சுத்தியிருக்கேன். இருந்து தின்னுட்டுப் போங்க."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வலையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டேன்.