சாட்சி படிக்கட்டில் நின்ற நேரம்

மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில், முப்பத்தோரு வருடங்களாக அந்த அம்மாள் உயில் எழுதிக்கொடுத்துவந்தார். நீதிமன்ற வளாகத்தில் அவரை உயிலம்மா என்றுதான் சொல்வார்கள். வழக்காடுவதை நாற்பது வயதிலேயே விட்டுவிட்டார். செத்தவர் மனதில் என்ன இருந்தது என்று இரண்டு வக்கீல்கள் தொண்டை கிழியக் கத்துவதைவிட, அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுவிடுவது மேல் என்று அவருக்குப் பட்டது.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. உயில் எழுதுபவர் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, அதைத் தன் வாயால் படிக்கவேண்டும். பிறகுதான் கையெழுத்து. "கோவத்த உயிரோட இருக்கிறவர்கிட்ட காட்டட்டும். மாலை போட்ட போட்டோகிட்ட காட்டி என்ன ஆகப்போகுது?" என்பார். அழுகை, மௌனம், பாதியில் எழுந்து போவது எல்லாம் அந்த அறையில் நடந்தன. இதனால் குடும்பங்கள் ஒன்றுபட்டன என்று சொல்வது மிகை. சண்டைகளின் நீளம் குறைந்தது. அதுவே பெரிதென்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

கடைசி வருடங்களில் அவருக்குக் களைப்பு வந்துவிட்டது. உடம்பைவிடக் காதுதான் அதிகம் களைத்திருந்தது. 'நான்தான் அப்பாவப் பாத்துக்கிட்டேன்' என்பதை எத்தனை குரல்களில்தான் ஒருவர் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். மாடியோடு கூடிய ஒரு வீடு, ஊருக்கு வெளியே கொஞ்சம் காலிமனை. கணவனை இழந்த மகள் பதினோரு வருடங்களாக அவரோடு இருந்தாள். மாடி வாடகைதான் அவளுக்குச் சோறு. மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். வீடு முழுக்க மகளுக்கு, மனை மகனுக்கு என்று அவர் படித்து முடித்தார்.

"அக்காவுக்கு மாடி வீடு, எனக்கு முள்ளுக்காடா? நல்லா ஓட்டுனீங்கப்பா வண்டி," என்றான் மகன்.

"நீ உன் ஸ்டாப்புல எறங்கிட்ட. அவதான் கடைசிவரைக்கும் கூட வர்றா."

"எறக்கிவிட்டதே நீங்கதானே."

ஒன்றரை மணிநேரம் இப்படியே போயிற்று. கடைசியில் மகன் தண்ணீர் வாங்கிக் குடித்தான். "சரி, போடுங்க. உங்களுக்கு அப்புறம் நான் இதப் பத்திப் பேசமாட்டேன்."

உயிலம்மா உடனே பேனாவை நீட்டினார். சாட்சிகள் இருவர்: கீழே மருந்துக்கடைக்காரர், அலுவலகக் குமாஸ்தா. அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தாவின் தாயாருடைய ஸ்கேன் முடிவைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அவர் படிக்கட்டுக்குப் போய்விட்டார். பெரியவர் கையெழுத்திட்டார், மருந்துக்கடைக்காரரும் இட்டார். பெரியவருக்கு இடுப்பு வலி. மகள் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துப் போனாள். படியில் குமாஸ்தாவிடம் "வரேம்ப்பா" என்று மட்டும் சொன்னார். குமாஸ்தா உள்ளே வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாட்சி, கையெழுத்து விழுவதைத் தன் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். அல்லது எழுதியவர், இது என் கையெழுத்து என்று அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். இரண்டும் நடக்கவில்லை. உயிலம்மாவுக்குத் தெரியும். மறுபடி எல்லாரையும் மேலே ஏற்றினால் மகனின் சம்மதம் கலைந்துவிடுமோ என்று பயந்தார். அடுத்த வாரம் பெரியவரை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. பத்தொன்பதாம் நாள் பெரியவர் இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து அக்காளும் தம்பியும் ஒரே வண்டியில் வந்தார்கள். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க இரு சாட்சிகளின் உறுதிமொழி தேவைப்பட்டது. நாளைக்கு வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டு, உயிலம்மா தட்டச்சுக்கு எதையும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வரிதானே மேடம்," என்றார் குமாஸ்தா. "பாத்தேன்னு சொல்லிட்டுப் போறேன். யாரு கேக்கப்போறா?"

"நீ படியில இருந்த."

"சண்டை இல்லாம வந்திருக்காங்க. நாமளே போய்க் கிளறணுமா? அதுக்குத்தான் இத்தன வருசம் கட வச்சிருக்கோமா?"

"பொய்ச் சத்தியம் பண்ணி அந்தப் பொண்ண அந்த வீட்டுல குடிவைக்கச் சொல்றியா?"

குமாஸ்தா தன் மேசைக்குப் போய்விட்டார். உண்மை பேசுகிறவர்கள் அதற்கான விலையைப் பெரும்பாலும் பக்கத்திலிருப்பவர் பையிலிருந்துதான் எடுக்கிறார்கள். அது உயிலம்மாவுக்குத் தெரியாததல்ல.

மறுநாள், அந்த உயில் செல்லாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டார். தப்பு தன்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"அப்ப வீட்டுல பாதி எனக்கா?" என்றான் மகன்.

"சட்டப்படி ஆமா. வேணாம்னு எழுதிக்கொடுக்கவும் உங்களால முடியும்."

மகள் தம்பியைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான். "யோசிச்சுச் சொல்றேன்."

ஐந்தாம் நாள் போன் செய்தான். மாடி தனக்கு, கீழ்வீடு அக்காவுக்கு, மனையை வேண்டுமானால் அவளே வைத்துக்கொள்ளட்டும். "பேசமாட்டேன்னு அப்பாகிட்ட சொன்னேன் மேடம், பேசவுமில்ல. இது நானா கேட்டதில்ல, நீங்களா குடுத்தது."

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். இந்த முறை இரண்டு சாட்சிகளும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். தம்பி முதலில் கீழே இறங்கினான். மகள் பின்தங்கினாள்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்மா."

"அவன் கேட்டிருக்கவே மாட்டான். கடைசிவரைக்கும் நல்லவனாவே இருந்திருப்பான்."

உயிலம்மா மேசையில் இருந்த முத்திரைப் பெட்டியை மூடினார்.

"மாடிய காலி பண்ணச் சொல்லி நாளைக்கு அந்த வாடகைக்காரங்ககிட்ட நான்தான் சொல்லணும்," என்றாள் மகள். நகலை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கீழே தம்பி வண்டியைக் கிளப்பிவைத்திருந்தான். "வாக்கா, விட்டுட்டுப் போறேன்."

"நீ போடா. எனக்கு மருந்து வாங்கணும்."

அவள் மருந்துக்கடைக்குள் போனாள். என்ன வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை, அலமாரியில் இருந்த டப்பாக்களைப் படிப்பதுபோல நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து நடந்தாள்.