அரிப்புக் கடற்கரையின் இடக்கைக்காரர்கள்

மன்னார் பட்டினத்தில் பிரேம் கடை நடத்துகிறவன் நான். பிரேம் அடிப்பதோடு கூட்டங்களுக்குக் கட்டும் பனர், ஸ்டிக்கர், ரீசேட்டுச் சட்டைப் பிரிண்டிங்கும் உண்டு. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு முதல் பாடம்: எந்தப் படம் வந்தாலும் "நல்ல வடிவாய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும். கல்யாணப் படம், செத்தவீட்டுப் படம், அந்தோனியார், மக்கா, முருகன், அமைச்சரோடு கைகுலுக்கிய படம் எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான். அதைச் சொல்லாமல் வேறு கேள்வி கேட்டது ஒரே ஒரு தடவை. அந்தத் தடவை, எங்களுக்குத் தெற்கே இருக்கும் அரிப்பு என்ற கடற்கரை ஊரில் சில குடும்பங்களின் கரையே பறிபோகப் பார்த்தது.

1. இனாமாக வந்த மலை

அரிப்பில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த ஜெகன் முதலாளி ஒரு காலையில் வாகனத்தில் வந்து இறங்கினார். கூடவே கொழும்பிலிருந்து அவர் பிடித்துவந்த மரபுரிமை ஆலோசகர். ஆலோசகர் ஒரு மட்டை உறையைப் பிறந்த பிள்ளையைப் போல ஏந்திவந்து என் மேசையில் வைத்தார்.

உள்ளே இருந்தது பழைய இங்கிலாந்துப் பத்திரிகைத் தாள் ஒன்று. அரிப்பு முத்துக்குளிப்பின் படம். லண்டன் வியாபாரி ஒருவரிடம் வாங்கினார்களாம். கமராப் படத்தைப் பத்திரிகையில் அச்சிடத் தெரியாத காலத்தில் அங்கே மரக்கட்டையில்தான் படம் செதுக்கினார்கள். ஒருவர் கடதாசியில் வரைவார், இன்னொருவர் அதைப் பார்த்துக் கட்டையில் வெட்டுவார். பெரிய படம் என்றால் சின்னக் கட்டைகள் பலவற்றைச் சேர்த்துப் பூட்டி, வானத்தை ஒருவர், கடலை ஒருவர், ஆட்களை ஒருவர் என்று பிரித்து வெட்டுவதும் உண்டு. கட்டைகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். நமது அரசாங்கக் கந்தோர் வேலைகளும் இந்த முறையில்தான் நடக்கின்றன, கோடு மட்டும் சற்றுப் பெரிதாகத் தெரியும்.

வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் அலைக்கும் மயிரிழை மாதிரிக் கோடுகள். கடலில் நின்று கரையைப் பார்ப்பதுபோல வரைந்திருந்தார்கள். நடுவில் தூண் வைத்த ஆங்கிலேயர் பங்களா, இன்று இடிந்து கிடக்கிறதே, அதுதான். நடுவில் பிளந்தால் இரு பாதியும் ஒரே மாதிரி இருக்கும் கட்டடம். அதன் வலப்பக்கம் முழுக்க ஓலைக் குடிசைகளும் சனமும். இடப்பக்கம் வெறுங்கரை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மலை.

மன்னார்க் கரையில் எந்தப் பனையில் ஏறிப் பார்த்தாலும் மலை தெரியாது. லண்டன்காரர் அதை எங்களுக்கு இனாமாகத் தந்திருந்தார். தாளின் பின்பக்கத்தில் வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விளம்பரம் இருந்தது. உண்மை அந்தப் பக்கத்தில்தான் கூடுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

2. எது கற்பனை, எது ஆதாரம்

முதலாளிக்கு இரண்டு வேலை ஆக வேண்டியிருந்தது. அசல் தாளுக்குத் தேக்குப் பிரேம். பிறகு அதையே ஸ்கேன் பண்ணி எட்டடி அகலத்தில் ஒரு பனர், வெள்ளிக்கிழமை அரசாங்கக் கந்தோரில் நடக்கும் கூட்டத்துக்கு.

"என்ன கூட்டம், முதலாளி?" என்று கேட்டேன்.

ஆலோசகர் பதில் சொன்னார். "கரையின் புராதனத் தோற்றத்தை மீட்கப் போகிறோம். பாருங்கள், பங்களாவுக்கு இடப்பக்கம் ஒரு குடிசைகூட இல்லை. இப்போது அங்கே கருவாடு காயவைக்கும் ஓலைக் கொட்டில்கள், வாடிகள், நிற்கின்றன. அவற்றை றோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்ற வேண்டும்."

"வலப்பக்கம் உங்கட ஹோட்டல் எல்லோ வருது, முதலாளி?"

"ஓம். வலப்பக்கம் குடிசையள் இருந்திருக்கு, பாத்தனீங்கள்தானே? அதுதான் நாங்களும் வாறவை தங்க ஓலையால கபானா போடுறம். பழமைக்குப் பழமை" என்றார் முதலாளி.

இந்த இடத்தில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்த மலை, ஐயா?"

"அது ஓவியரின் கற்பனை" என்றார் ஆலோசகர்.

"வெறுங்கரை?"

"அது வரலாற்று ஆதாரம்."

முதலாளி என் தோளில் தட்டினார். "படம் எங்கயாவது பொய் சொல்லுமே? நீங்கள் பிரேமை அடியுங்கோ." அவருடைய ஹோட்டல் அறைகள் எல்லாவற்றுக்கும் படம் மாட்டுகிற வேலையும் எனக்கே வருவதாக இருந்தது. அளவை எடுத்தேன்.

3. ஸ்டெல்லாவின் கண்

பனர் அடித்து, மை காயச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். அப்போது அரிப்பிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்த பிறகு ஊர் திரும்பியவள். வந்ததும் கிடுகு ஓலையும் தடியும் சேர்த்துக் கட்டிய முதல் சொத்து, இப்போது மாற்றச் சொல்கிற வாடிகளில் ஒன்று. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவளுக்கும் ஒரு பனர் தேவைப்பட்டது. "வாடி எங்கள் உரிமை" என்று சிவப்பு எழுத்தில்.

"றோட்டுக்கு அங்கால போனால் என்ன, கொஞ்சத் தூரந்தானே எண்டு கேக்கினம் அண்ணை. வள்ளம் அணையிறது எங்கட கண்ணில படோணும். நாங்கள் கரைக்கு ஓடி வாறதுக்குள்ள லொறிக்காரன் நல்ல மீனெல்லாத்தையும் அள்ளிப்போடுவான். பிறகு கருவாடு போட எனக்கு என்ன மிஞ்சும்? மணல்தான்."

பேசிக்கொண்டிருந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். சின்னத் தாளில் எறும்பளவு இருந்த ஆட்கள் எட்டடிப் பனரில் சாண் உயரத்துக்கு வளர்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு தோணியில் சட்டியைச் சுற்றியிருந்து சாப்பிடுகிறார்கள். கரையில் ஒரு சாமியார், அதாவது பாதிரியார், தோணிகளை ஆசீர்வதிக்கிறார்.

"அண்ணை, இவையளுக்கு என்ன வருத்தம் பிடிச்சது?"

"ஏன்?"

"எல்லாரும் இடக்கையால சோறு தின்னுகினம். ஒருத்தரும் மிச்சமில்லை. அங்க பாருங்கோ, சாமியாரும் இடக்கையால ஆசீர்வாதம் குடுக்கிறார். எங்கட கோயில் பங்கில எண்டால் அண்டைக்கே அவரை மாத்தியிருப்பினம்!"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். அரிப்புக் கரை முழுவதும் இடக்கைக்காரர்கள். இந்துவோ, முஸ்லிமோ, வேதக்காரக் கிறிஸ்தவரோ, எங்கள் பக்கத்தில் ஒரு தோணி நிறைய ஆட்கள் சேர்ந்திருந்து இடக்கையால் சாப்பிட மாட்டார்கள்.

ரீசேட் பிரிண்ட் பண்ணும் எவருக்கும் இது விளங்கும். கடதாசியில் மறுபக்கமாக அடித்தால்தான் சேட்டில் நேராக விழும். மரக்கட்டையும் அப்படித்தான். வரைந்ததைத் திருப்பி வெட்டினால்தான் தாளில் நேராக வரும். இந்தப் படத்தை வெட்டியவர் அந்தச் சிரமத்தை எடுக்கவில்லை, வரைந்ததைப் பார்த்தபடியே வெட்டிவிட்டார். கீழே இருந்த எழுத்துகளை மட்டும் கவனமாகத் திருப்பியிருந்தார். எழுத்துப் புரண்டால் லண்டனில் வாசிக்கிறவர் சண்டைக்கு வருவார். அரிப்புக் கரை புரண்டால் அங்கே யார் கேட்கப் போகிறார்கள்?

கொம்பியூட்டரில் ஒரு தட்டு. படம் திரும்பியது. சாமியாரின் வலக்கை உயர்ந்தது, தோணிக்காரர்கள் மரியாதையாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். குடிசைகள் எல்லாம் இடப்பக்கத்துக்கு வந்துவிட்டன, ஸ்டெல்லாவின் வாடி நிற்கிற அதே பக்கத்துக்கு.

"அண்ணை, அப்ப வெறுங்கரை ஆரின்ர இடம்?"

"முதலாளி ஹோட்டலுக்கு நீச்சல் தடாகம் வெட்டுற இடம்."

அவள் சிரிக்கவில்லை. திரையில் தன் பக்கத்துக் குடிசைகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உரிமை பனர் வேண்டாம். திருப்பின உந்தப் படத்தையே அடிச்சுத் தாங்கோ. அவர் கேட்ட அதே அளவில."

எனக்குப் பயமாக இருந்தது. ஹோட்டல் அறைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து கதவைச் சாத்திக்கொண்டு போயின. ஆனால் பிரிண்ட் கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. கட்சி மாறி மாறிப் போஸ்டர் அடித்துப் பழகியவன் எதையும் தொழில் என்று சொல்லித் தப்பலாம். ஒருவர் நேராகக் கேட்டார், ஒருவர் திருப்பிக் கேட்டார். இரண்டையும் அடித்தேன்.

4. கூட்டம்

பனர் கட்டப் போனவன் அங்கேயே பின்கதிரையில் இருந்துவிட்டேன். ஆலோசகர் நீண்ட நேரம் பேசினார். படம் ஒரு காலத்தின் சாட்சி என்றார். சாட்சியை மதிக்காத சமூகம் முன்னேறாது என்றார். முதலாளி ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார்.

ஸ்டெல்லா எழும்பினாள். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எந்தக் கையால சாப்பிடுறனீங்கள்?"

ஆலோசகர் தன் வலக்கையைப் பார்த்தார். அவள் தோணியைக் காட்டினாள், சாமியாரைக் காட்டினாள். பிறகு தன் பனரை விரித்தாள். ஆலோசகர் ஒன்றும் தெரியாதவர் அல்லர். மரக்கட்டை எப்படி அச்சாகும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் முகம் மாறிய வேகத்திலேயே அது தெரிந்தது. கரையைப் பார்க்கச் சொல்லித்தான் அவருக்குச் சம்பளம், கையைப் பார்க்கச் சொல்லி அல்ல.

"பழைய படங்களை ஆதாரமாக எடுப்பதில் சில வரையறைகள் உண்டு" என்றார்.

முதலாளி துள்ளி எழுந்தார். "உது ஒரு பழைய பேப்பர்ப் படம்தானே! வெள்ளைக்காரன் அங்க இருந்துகொண்டு கீறினதை வைச்சு எங்கட காணியில கை வைக்கேலுமே? மலையும் எல்லோ கீறி வைச்சிருக்கிறான்!"

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கந்தோர்ப் பெரியவர் இரண்டு பனர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப முதலாளி, புராதனத் தோற்றம் வேணுமெண்டால் நாங்கள் ஹோட்டலை எல்லோ எடுக்கோணும்?"

"புராதனம் வேண்டாம், ஐயா. இருக்கிறபடி இருக்கட்டும்."

தேத்தண்ணி வந்தது. வாடிகள் அந்த இடத்திலேயே நின்றன, ஹோட்டலும் நின்றது. ஆலோசகர் மரபுரிமையோடு வேறு கரைக்குப் போய்விட்டார். ஹோட்டல் அறைகளுக்குப் படம் மாட்டும் வேலை வவுனியாக் கடைக்குப் போயிற்று. வயிற்றெரிச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

5. கீழே இருந்த இரண்டு பேர்

பிரேம் போட்ட அசல் தாளை எடுக்க முதலாளி வரவேயில்லை. அது என் கடையில் தொங்கியது. கருவாட்டுப் பொதிக்கு ஸ்டிக்கர் அடிக்க வந்த ஸ்டெல்லா ஒருநாள் அதற்குக் கிட்டப் போய் மூலைகளைப் பார்த்தாள்.

"இந்தச் சின்ன எழுத்து என்ன, அண்ணை?"

"இடப்பக்கம் வரைஞ்சவரின்ர பேர். வலப்பக்கம் வெட்டினவரின்ர பேர்."

"முத்தெடுக்கக் கடலுக்க குதிச்சவையின்ர பேர்?"

"போடேல்லை."

அவள் ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த கிழமை போனில் எடுத்த ஒரு படத்தோடு வந்தாள். வாடிக் குடும்பங்கள் எல்லாம் கருவாட்டுப் பாய்களுக்கு முன்னால் வரிசையாக நின்றன. இடமிருந்து வலமாக அவள் பேர்களைச் சொல்லச் சொல்ல, படத்துக்குக் கீழே நான் ரைப் பண்ணினேன். கடைசியில் ஒரு கைக்குழந்தை.

"இவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லை. பேர் வைக்கேல்லை."

"அப்ப விடட்டே?"

"விடாதேங்கோ. ரோசியின்ர மகள் எண்டு போடுங்கோ. இடம் விட்டால் அதுவும் வெறுங்கரை எண்டு ஒருத்தன் வருவான்."

முதல் பாடத்தை மேலே சொன்னேன். தொழிலில் நான் படித்த மற்றப் பாடம் இது: படத்தில் ஆள் இருந்தால், அடிப்பதற்கு முன் அவர் பேரைக் கேளுங்கள். படத்தைத் திருப்ப ஒரு தட்டுப் போதும். பேர் போட்டுவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த ஆள் அங்கேதான் நிற்பார்.