வகுப்பு நேரத்தில் மட்டும் உறையும் திரை

காமாக்ஷியின் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஒழுங்காகத்தான் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு அவள் ஆன்லைன் தமிழ் வகுப்பைத் தொடங்கினால் மட்டும் அதற்கு மூச்சிரைக்க ஆரம்பிக்கும். திரை உறையும், குரல் துண்டுதுண்டாகப் போகும். பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மயூர் விஹார் ஃப்ளாட்டில் உட்கார்ந்தபடி அவள் தேடிப் பிடித்த பிள்ளைகள் ஆறு பேர். எல்லாம் தில்லியில் பிறந்து, 'அ'வைப் பார்த்தால் ஏதோ படம் என்று நினைக்கிற கூட்டம். அதில் ஐந்து பேர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் ஸ்நேஹா ஒருத்தி. அவளும் போய்விட்டால் காமாக்ஷி வெறும் கஸ்தூரிரங்கன் பெண்டாட்டிதான். அதை நினைத்தாலே அவளுக்குக் கசந்தது.

கஸ்தூரிரங்கனிடம் சொன்னால் நெட் சரியில்லை என்பார். ஓர் அமைச்சகத்தின் விஜிலன்ஸ் பிரிவில் முப்பது வருஷம் சக ஊழியர்களின் வண்டவாளத்தைத் தோண்டியவர். மனைவியின் புகாரை மட்டும் ஒரு நாளும் விசாரணைக்கு எடுத்ததில்லை.

கடைசியில் புனேயில் இருக்கும் மகள் ஜ்யோத்ஸ்னாதான் போனில் வழி சொன்னாள். அன்றைக்கு வகுப்பு வழக்கம்போல் உறைந்ததும் காமாக்ஷி, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். பெயரைப் பார்த்தால் விண்டோஸின் சொந்தப் பிள்ளை போலிருந்த ஒரு ப்ராசஸ், சிபியுவில் தொண்ணூறு சதவீதத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். பத்து வினாடியில் திரும்ப வந்து உட்கார்ந்தது. அது எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னாள் மகள்.

உள்ளே எட்டு மாத வகுப்புகளும் அவளுக்குத் தெரியாமல் பதிவான வீடியோவாக, தேதிவாரியாக இருந்தன. கூடவே ஒரு பட்டியல்: தேதி, நேரம், பேசியவர்கள். கடைசிக் கட்டத்தில் எல்லா நாளுக்கும் ஒரே வரி. 'குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.' யாருடைய கோப்பு நடை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகப்பட்டதைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. எட்டு மாதம் தினமும் தன்னைப் பார்த்துவிட்டு இப்படி எழுதினாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஹாலுக்குப் போய்க் கணவரிடம் கேட்டாள். அவர் பதறக்கூட இல்லை.

"ரொட்டீன்தான் காமு. உம்மேல ஒரு கம்ப்ளைன்ட்டும் கிடையாதே. க்ளீனாத்தானே எழுதியிருக்கேன்."

அவள் கையிலிருந்த போனில் ஸ்நேஹாவின் அம்மா செய்தி அனுப்பியிருந்தாள். வேறு டீச்சர் கிடைத்துவிட்டாராம். குழந்தை நாளை முதல் வராதாம்.

"ஸ்நேஹாவும் நின்னுட்டா. அதையும் எழுதிண்டுடுங்கோ" என்றாள் காமாக்ஷி.

"அச்சா" என்றார் கஸ்தூரிரங்கன். "என்னிக்கிலேர்ந்து?"