ஒரே மிஷினில் மட்டும் பாடிய சிடி

துபாயிலிருந்து வந்த சித்தப்பா எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன சிடி ரெக்கார்டரைப் போலத் திமிர் பிடித்த சாமானை நான் பார்த்ததில்லை. மைக்கைச் செருகிப் பாடினால் அப்படியே சிடியில் பதிந்துவிடும் என்றார். எந்தச் சிடியில் என்று சொல்லவில்லை. விளக்கப் புத்தகத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அதை நான் வெளியே எடுத்ததே எங்கள் மாடி அறையில் குடியிருந்த தூத்துக்குடிப் பெண்ணுக்காக. இரண்டு பேருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே செல்போன் கம்பெனி. அவள் அசெம்பிளி, நான் டெஸ்டிங். அவ்வளவு நன்றாகப் பாடுகிற குரலை வைத்துக்கொண்டு அவள் அசெம்பிளி லைனில் நிற்பது பாவம். தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழு பாடகி தேடிக்கொண்டிருந்தது. நேரில் வந்து யாரும் உயிரை எடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் சிடி கொடுங்கள் என்று அதை நடத்துபவர் சொல்லிவிட்டார். இடம் கிடைத்தால் கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிடுவதாக இருந்தாள்.

படப்பைக் கடையில் வாங்கிய சிடியைப் போட்டேன். மிஷின் வெளியே துப்பியது. வேறு பிராண்டு போட்டேன், அதையும் துப்பியது. கடையில் போய்க் கத்தினேன்.

"எல்லா சிடியும் ஒண்ணுதான்க்கா. உன் மிஷினுக்கு இன்னா கேடுன்னு பாரு" என்றார் கடைக்காரர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பச்சைப் பொய். கம்ப்யூட்டர் சிடியை இந்த மிஷின் ஏற்காது, பாட்டுக்கென்றே தனியாக வருகிற சிடிதான் வேண்டும் என்று சென்னையில் நாலு கடை ஏறி இறங்கிய பிறகுதான் ஒருவர் சொன்னார். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதைதான். அவரிடமும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சனிக்கிழமை ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊற்ற மூன்று பாட்டுப் பாடினாள். உடனே அதே மிஷினில் ஓடவிட்டுக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்ண மூடிக்கிட்டுக் கொண்டுபோய்க் குடு" என்றேன்.

ஞாயிறு மத்தியானமே திரும்பிவிட்டாள். அந்த ஆளுடைய பிளேயரில் சிடி ஓடவில்லை. காலி சிடியைக் கொடுத்து விளையாடுகிறாயா என்றாராம். இங்கேயே பாடுகிறேன் என்றதற்கு, வேறு பெண்ணுக்குச் சொல்லியாகிவிட்டது என்றாராம். சிடியை வாங்கி எங்கள் மிஷினில் போட்டேன். கணீரென்று பாடியது. தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "கடைசில ஃபைனலைஸ்னு ஒரு பட்டன் அமுக்கணுமே. அப்பதான் வேற மிஷின்ல ஓடும். அமுக்கலியா நீ?" என்றார் சாவகாசமாக. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு அவள் எதிரிலேயே சித்தப்பாவைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், குழு நடத்துபவரையும் விடவில்லை. நான் ஓய்ந்ததும் மிஷினிலிருந்து சிடியை வெளியே எடுத்தாள்.

"கம்பெனியில, போன செஞ்ச எடத்துலயே வச்சு டெஸ்ட் பண்ணி பாஸ் போடுவியளாக்கா?" என்று கேட்டாள்.

போடமாட்டோம். வேறு இடத்தில், வேறு மிஷினில் வைத்துப் பார்த்த பிறகுதான் பாஸ். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு அவளும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.