வாழையிலைக் கட்டு

ஜாஸ்பினுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கோயிலில் பிரசங்கம் நீண்டால் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைப்பாள், கொஞ்ச நேரத்தில் போய்ச் சாத்திவிட்டு வருவாள். சாத்தூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் தீக்காய வார்டு நர்ஸ். பதினாறு வருட சர்வீஸ். ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து பற்றிக்கொண்டாலும் ஆட்களை வேனில் போட்டு அவளிடம்தான் கொண்டுவருவார்கள்.

வார்டில் அவளுக்கென்று இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, புண்ணின்மேல் வாழையிலை. ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த இலையை வைத்துக் கட்டினால், பிரிக்கும்போது தோலைப் பிய்த்துக்கொண்டு வராது. இன்னொன்று, சொந்தக்காரர் யாரும் கட்டுப் போடும் இடத்தில் நிற்கக்கூடாது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து ஜனங்கள் தீப்பட்டதும் முதலில் பேனா மையை ஊற்றுவார்கள், பிறகு முட்டையை உடைத்துப் பூசுவார்கள், அதெல்லாம் முடிந்த பிறகுதான் வேன் தேடுவார்கள். அந்த மையைக் கழுவிக் கழுவி அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

“ஊத்துனது போதும், வெளிய நில்லுங்க. இனிமே நாங்க பாத்துக்கிடுதோம்” என்று கதவைச் சாத்திவிடுவாள். பெற்ற தாயானாலும் அதே கதவுதான்.

2006 மே மாதம் டாக்டர் செல்வநாயகம் தலைமையில் ஐந்து பேர் மூன்று வார ஊழியத்துக்கு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்குப் போவதாகச் சபையில் அறிவித்தார்கள். அன்று மத்தியானமே ஜாஸ்பின் பெயர் கொடுத்துவிட்டாள்.

“இங்கன இல்லாத தீக்காயமா அங்கன இருக்கு?” என்று கேட்டான் கணவன் மெர்வின். பள்ளிக்கூட வாத்தியார், நிதானமான மனிதன்.

“கேட்டதுல இருந்து இருப்புக் கொள்ளலைங்க” என்றாள். எப்போதுதான் கொண்டது என்று அவன் கேட்கவில்லை.

புறப்படும் ஞாயிறன்று ஐந்து பேரையும் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட வைத்து, குருவானவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஜெபம் முடியும்வரை அவள் பெட்டியில் கத்தரிக்கோல் வைத்தோமா என்றே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மலாவியில் அவர்கள் போய் இறங்கியது தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கிளினிக்கில். விடிந்தால் காய்ச்சல்காரர்கள் வரிசை. மூன்றாம் நாள் எஸ்தர் என்ற பெண் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை பெயர் தோக்கோ. அடுப்பில் விழுந்து கழுத்திலிருந்து நெஞ்சுவரை வெந்திருந்தது. புண்ணின்மேல் ஏதோ தழையை அரைத்து அப்பியிருந்தார்கள். ஜாஸ்பினுக்குச் சுள்ளென்று ஏறியது. தேசம் விட்டுத் தேசம் வந்தும் அதே கூத்தா! மொழிபெயர்க்கும் கிளினிக் ஆளிடம், “இந்தம்மாவ வெளிய நிக்கச் சொல்லுங்க” என்றாள்.

கழுத்துப் புண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியும். கழுத்தை நிமிர்த்தி வைத்து ஒழுங்காகக் கட்டாவிட்டால், ஆறும்போது தோல் சுருங்கி மோவாயை நெஞ்சோடு இழுத்துவிடும். பிறகு ஆயுசுக்கும் தலை நிமிராது. அப்படி ஆனவர்களை வெம்பக்கோட்டைச் சந்தையில் பார்த்திருக்கிறாள். இந்தப் பிள்ளையை அப்படி விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். கிளினிக்குக்குப் பின்னாலேயே வாழை நின்றது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளே இலை அறுத்து, வேகவைத்து, அவளே கட்டினாள். எஸ்தர் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். ஒன்பது கட்டு ஆனபோது புண்ணில் புதுத்தோல் கட்டத் தொடங்கியிருந்தது.

கடைசி நாள் பெட்டியைக் கட்டும்போதுதான் அந்தக் கிளினிக் ஆளிடம் கேட்டாள்: “நாளைக்குத் தோக்கோவுக்கு யார் கட்டுவாங்க?”

அவன் உதட்டைப் பிதுக்கினான். நர்ஸ் மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவாள். பெரிய ஆஸ்பத்திரி ஒரு பகல் நடை.

ஜாஸ்பின் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அன்று கட்டு மாற்றும் நாளும் இல்லை, எஸ்தர் வரமாட்டாள். அவள் ஊர் நாலு மைல். “டாக்டர், மூணு மணி நேரம் குடுங்க, ஓடிட்டு வந்துருதேன்” என்று கெஞ்சினாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றார் செல்வநாயகம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கத்தரிக்கோலையும் துணிச்சுருளையும் அந்த ஆள் கையில் கொடுத்து எஸ்தரிடம் சேர்க்கச் சொன்னாள். ஒரு தரம்கூடத் தொட்டுப் பழகாதவளுக்குக் கத்தரிக்கோல் என்னத்துக்கு? வேனில் ஏறியதும் ஜாஸ்பினுக்கு அது உறைத்தது.

ஊர் திரும்பியதும் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஆயிரத்து இருநூறு பேருக்கு வைத்தியம் பார்த்ததை டாக்டர் சொல்ல, சபை ஸ்தோத்திரம் பண்ணியது. ஜாஸ்பின் மைக்கைப் பிடித்து, “ஒரு பிள்ளைக்கு...” என்று தொடங்கி, முடியாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு தாழ்மை என்று மெச்சினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளினிக்குக்கு மூன்று கடிதம் போட்டாள், ஒன்றுக்கும் பதில் இல்லை. பஸ்ஸில் ஏறினால் பிள்ளைகளின் கழுத்தையே பார்த்தாள். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

தீபாவளி சீசனில், ஏழாயிரம்பண்ணை முருகம்மாள் தன் மகள் இசைவாணியைக் கொண்டுவந்தாள். திரி வெட்டும் வேலைக்குப் போன இருபது வயதுப் பெண். கழுத்தில் காயம், மேலெல்லாம் நீலமாக மை. ஜாஸ்பின் ஒரு வார்த்தை வையாமல் கழுவினாள். தாய்க்காரி வழக்கம் தெரிந்தவள், தானாகவே கதவுப் பக்கம் ஒதுங்கினாள்.

“எங்க போறீக? உள்ள வாங்க.”

“தெரியாம ஊத்திப்புட்டேன் சிஸ்டரம்மா, வையாதீக.”

“வையல. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்க. நீங்கதான் கட்டப்போறீக.”

முருகம்மாளின் நகக்கண்ணில் பட்டாசுக் கம்பெனி வெள்ளிமருந்து கறுத்துக் கிடந்தது. மூன்று தரம் தேய்க்கவைத்தாள். பழகாத கை முதலில் இலையைக் கோணலாக வைத்தது. பிரித்து மறுபடி வைக்கச் சொன்னாள். கழுத்துக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து நிமிர்த்தச் சொன்னாள். இரண்டாவது கட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த ஜாஸ்பின் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

“ஏன் சிஸ்டரம்மா அழுவுதீக? தப்பா வச்சுட்டனா?”

“இல்லக்கா, சரியாத்தான் வச்சிருக்கீக. கால்மணி நேரந்தான் ஆயிருக்கு” என்றாள் ஜாஸ்பின். “அங்கன எனக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு.”